உதிரிபாகம் மாட்டினால் உத்தரவாதம் போய்விடுமா?



"கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. பையன் தானே ஏதோ பார்ட்ஸ் வாங்கி மாட்டிவிட்டான். இனி வாரண்டியே கிடையாது என்கிறார்களே, உண்மையா?" நம் பகுதி உறுப்பினர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இதே கேள்வி நம் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்தும் விசாரித்தும் அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நமக்கு நேர்ந்தது

நாம் பட்டாபிராமில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். வீட்டு உபயோகத்திற்கென்று ஒரு கார் வாங்கினோம். நம் இளைய மகனுக்கு வேகத்தில் ஆசை. அதில் வியப்பில்லை. நாம் சிறுவனாக இருந்தபோது செங்குன்றம் மண்டிக்குப் போகும் சாக்கில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயத்தை வேலி ஓரம் நின்று பார்த்தவர்கள்தாம். ஆனால் அங்கே ஓடிய வண்டிகளுக்கு வாரண்டி என்ற பேச்சே இல்லை. பந்தயம் முடிந்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள்; போனால் சொந்தச் செலவு. வீட்டுக் கார் அப்படி அல்லவே!

மகன் ஜி.பி. ரோட்டில் சுற்றி ஒரு ஏர் ஃபில்டர், சத்தம் கூடிய ஒரு சைலன்சர், 100 வாட் ஹெட்லைட் பல்புகள் ஆகியவற்றை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே மாட்டினான். சில மாதங்களில் இரண்டு கோளாறுகள் ஒன்றாக வந்தன. ஹெட்லைட் பக்கத்து வயர் உருகிவிட்டது. ஏ.சி. கம்ப்ரசரும் நின்றுவிட்டது.

சர்வீஸ் நிலையத்தில் பானெட்டைத் திறந்து பார்த்தவர், "வெளிப் பொருள் மாட்டியிருக்கிறீர்கள். மொத்த வாரண்டியும் கேன்சல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மகன் தலை குனிந்து நின்றான். நாமும் முதலில் அவனைத்தான் கோபித்துக்கொண்டோம். இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று தோன்றியது. வயர் உருகியதற்கு பல்பு காரணம், சரி. ஏ.சி. கம்ப்ரசருக்கும் பல்புக்கும் என்ன சம்பந்தம்?

கடைக்காரர் கணக்கில் பார்ப்போம்

நாம் ஒருவருக்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று கொடுக்கிறோம். அவர் அதை ஈரத் தரையில் போட்டு வைத்து, அரிசி கட்டி தட்டிப்போனால் நாம் பொறுப்பல்ல. ஆனால் அதே நாளில் வாங்கிய துவரம் பருப்பு மூட்டையில் எடை குறைந்திருக்கிறது. "நீங்கள்தான் அரிசியை ஈரத்தில் வைத்தவராயிற்றே, பருப்புக்கும் பேசாதீர்கள்" என்று சொன்னால் அது வியாபாரமா? வாரண்டியிலும் நியாயம் இதுதான். மாட்டிய பொருளால் எது கெட்டதோ அதற்கு நாம் பொறுப்பு. அதனோடு தொடர்பில்லாமல் கெட்டதற்குக் கம்பெனி பொறுப்பு.

இது நம் மனக்கணக்கு மட்டுமல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 25-8-2014 அன்று 14 கார் நிறுவனங்கள் மீது ஓர் ஆணை பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாகக் கண்டு, மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்திற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது.

அந்த வழக்கு அதோடு முடியவில்லை. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தது. அதன் பின்னும் வழக்கு மேலே சென்றது. தவிர, ஆணை பேசுவது பழுது பார்ப்பதைப் பற்றி. வேகம் கூட்டும் பொருள் மாட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. ஆனாலும் 'எந்த அளவு சேதமோ அந்த அளவுக்கு மறுப்பு' என்ற அளவுகோலை நாம் எடுத்துச் சொல்ல அது நல்ல ஆதாரம். அமெரிக்காவில் 1975-லேயே மாக்னூசன்-மாஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. எங்கள் பெயர் போட்ட பாகத்தையே வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டாயப்படுத்துவதை அது பொதுவாகத் தடுக்கிறது.

நாம் கோபத்தை அடக்கி ஒரு கடிதம் எழுதினோம். "வயர் உருகியது எங்கள் தவறு, அதற்கான தொகையைத் தருகிறோம். ஏ.சி. கம்ப்ரசர் கெட்டதற்கு நாங்கள் மாட்டிய எந்தப் பொருள், எவ்விதத்தில் காரணம் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவுதான். சர்வீஸ் நிலையத்திற்கு ஒரு பிரதி, கார் கம்பெனிக்கு ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பினோம். சில வாரங்களில் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். கம்ப்ரசரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். வயருக்கு நாம் பணம் கட்டினோம். தவறு நம்முடையது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டதுதான் மறு பாதிக்கு வலு சேர்த்தது என்று நம்புகிறோம்.

எந்தப் பொருள் எதைக் கெடுக்கும்?

பல்பு: கம்பெனி பல்பு பெரும்பாலும் 60/55 வாட். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். 100 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல். வயரில் ஏறும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் கூடுவதால், சூடு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகிறது. வயர் உருகாமல் என்ன செய்யும்? எதிரே வருபவர் கண் கூசுவது தனிக் குற்றம்.

ஏர் ஃபில்டர்: எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து எஞ்சின் தடுமாறும். சரியாகப் பொருந்தாவிட்டால் தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங் தேயும். நம் பக்கத்துச் சாலைத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சைலன்சர்: புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும், புகைச் சான்றிதழும் கிடைக்காமல் போகலாம்.

டியூனிங்: வண்டியின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி சக்தியைக் கூட்டுவது. வாரண்டிக்கு மிக ஆபத்தானது இதுவே. எஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் அனைத்தும் கூடுதல் பளுவைச் சுமப்பதால், அவற்றில் எது கெட்டாலும் 'இதனால்தான்' என்று கம்பெனி காட்ட முடியும். பழைய கணக்கைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். பல வண்டிகளில் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையே பதிவாகிவிடுகிறது. மறைப்பது வேண்டாம், பொய் ஒன்று பிடிபட்டால் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

வாரண்டி தவிர வேறு இரண்டு

முதலாவது சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாவது இன்சூரன்ஸ். மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரத்தில் அந்த ஒரு காரணமே இழப்பீட்டுக்குத் தடையாக வந்து நிற்கலாம். வாரண்டியில் வாதாடலாம், விபத்து நடந்த பிறகு வாதாடிப் பயனில்லை.

லோடு வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

பாரம் கூடுதலாக ஏற்றப் பட்டை ஸ்பிரிங் சேர்ப்பது நம்மிடையே சாதாரணம். ஸ்பிரிங் தாங்கும், பிரேக்கும் ஆக்சிலும் தாங்க வேண்டுமே! அவை கெட்டால் வாரண்டியில் வாயைத் திறக்க முடியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்கியவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார். சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. தாமே ஓட்டிப் பிழைக்கும் சிறு வியாபாரி அங்கே நிற்கலாம். நாலு வண்டி, நாலு டிரைவர் வைத்திருப்பவர் நிற்பது கடினம். ஆகவே பெரிய வியாபாரிக்குத்தான் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை.

நுகர்வோர் என்ற தகுதி உள்ளவர்கள் முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் நம் பகுதியினர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

கைக்கொள்ள வேண்டியவை

1. மாட்டும் முன் வாரண்டிப் புத்தகத்தில் 'எவற்றுக்குப் பொருந்தாது' என்ற பக்கத்தைப் படியுங்கள்.

2. வயரை வெட்டி ஒட்டாதீர்கள். கப்ளரில் செருகும் பொருளை மட்டும், தேவையான ரிலேயுடன் மாட்டுங்கள். வெட்டிய வயர் நமக்கு எதிரான சாட்சி.

3. பில் இல்லாமல் வாங்காதீர்கள். மாட்டிய தேதி, கிலோமீட்டர், மாட்டியவர் யார் என்பதைப் பில்லின் பின்புறமே எழுதி வையுங்கள்.

4. கழற்றிய கம்பெனிப் பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

5. சர்வீஸைக் குறித்த தேதியில் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

6. மறுப்பு சொன்னால் வாய்ப்பேச்சில் திரும்பாதீர்கள். எந்தப் பாகம், எதைக் கெடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

நம் சங்கத்தில் உதிரிபாகம் விற்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். "வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக மாட்டுங்கள்" என்று விற்பனைக்காகச் சொல்லிவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம். வாங்கியவன் சர்வீஸ் நிலையத்தில் தலை குனியும்போது, அவன் நினைப்பது நம் கடைப் பெயரைத்தான்.

நம் மகன் இப்போது பழைய பல்புகளையே மாட்டியிருக்கிறான். சைலன்சரையும் கழற்றிவிட்டான். ஏர் ஃபில்டர் மட்டும் பில்லோடு பரணில் இருக்கிறது. வாரண்டிக் காலம் முடியட்டும் என்கிறான். பொறுமை வந்திருக்கிறது, அந்த வயருக்குக் கொடுத்த பணத்தை நாம் பள்ளிக் கட்டணக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!