மலை நீரும் கடல் ஆமையும்

கொல்லிமலைக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் ஆகாய கங்கையாய் விழும் நம் ஐயாறு, காவிரியில் கலந்து வங்கக் கடலைச் சேர்கிறது. அக்கடலில் வாழ்வது பங்குனி ஆமை.

சனவரி முதல் பங்குனி வரை, தாய் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இடுகின்றன. அவற்றை நாய்கள் கிளறித் தின்னும். தப்பிப் பிறக்கும் குஞ்சுகளோ தெருவிளக்கைக் கண்டு வழி தவறும். ஆகவே சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கின்றனர். சுமார் 45 நாட்களில் பொரிக்கும் குஞ்சுகளை அலையோரம் விடுகின்றனர்.

மிதக்கும் பிளாஸ்டிக் பையை இரையென விழுங்கி ஆமைகள் மடிவதுண்டு. தோழியரே, அருவிக்கரையில் பையை எறியாதிருந்தால், அம்மாணவர்களின் பணியில் நாமும் பங்கு கொள்கிறோம்.