வாசகசாலையில் இசை மாலை

(கூட்டுறவுக் கல்விப் பாடம்)

கிராம வாசகசாலையில் பாட்டும் கூத்தும் நடத்தலாமா என்னும் வினா சங்கக் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. வாசகசாலை அமைதியாகப் படித்தற்குரிய இடம். அங்கே தாளமும் மேளமும் எதற்கு என்பர் ஒரு சாரார். பூட்டிக்கிடக்கும் அலமாரியைக் காட்டிலும் பத்துப்பேர் கூடிப் பாடும் கூடம் மேலன்றோ என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆகவே எத்தகைய இசை மாலை வாசகசாலைக்கு ஆக்கம் தரும், எத்தகையது அதனைக் கெடுக்கும் என்பதை, மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரையிலுள்ள ஊர்களின் நிலைமையை முன்வைத்து இப்பாடத்தில் ஆராய்வோம்.

நெசவாளர் காட்டிய வழி

கூட்டுறவுக்கும் வாசகசாலைக்குமுள்ள உறவு பழமையானது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் ஒன்றுகூடித் தொடங்கிய சங்கம் ஒரு சிறு கடையைத் திறந்தது. அவர்களிற் பலர் நெசவாளர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியுமே அவர்கள் முதலில் விற்ற சரக்குகள். ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே செய்தித்தாள் படிக்கும் அறையும் புத்தகசாலையும் அச்சங்கத்தில் அமைந்துவிட்டன. பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தையும் அவர்கள் மேற்கொண்டனர். வருவாய் பெருகட்டும், பிறகு கல்வியைப் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு மாஞ்செஸ்டர் மாநாட்டில் அனைத்துலகக் கூட்டுறவு நேசக்கழகம் ஏற்ற ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது கல்வியைப் பற்றியது. ஏழாவது ஊர்நலத்தில் அக்கறை கொள்வதைப் பற்றியது. வாசகசாலையின் இசை மாலை இவ்விரண்டுக்கும் உரிய பணியே.

நூல் தானாக நடந்து வாராது

நம் நாட்டில் நூலக இயலுக்கு வித்திட்ட எஸ். ஆர். இரங்கநாதன் 1892-இல் சீர்காழியிற் பிறந்தவர். கணித ஆசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவர் 1931-இல் வெளியிட்ட நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும் என்பது மூன்றாம் விதியின் கருத்து. அலமாரியிலுள்ள நூல் தானாக எழுந்து நடந்து செல்லாது. வாசகரை நூலிருக்கும் இடத்திற்கு அழைத்து வருவதும் நூலகத்தின் கடமை. ஆதலின் விளம்பரம், ஊர்மக்களைக் கூட்டி நடத்தும் விரிவுப்பணி ஆகியவற்றை அவர் அவ்விதியின் கீழேயே விளக்கினார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் பணி தொடங்கியது. எழுத்தறியாதவரும் வண்டியைக் காண வரக்கூடுமல்லவா? பார்க்க வந்தவரைப் படிக்கச் செய்வதே விரிவுப்பணியின் நுட்பம்.

1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக நூலகங்களுக்கென ஒரு வரி ஏற்பட்டது. இன்று சொத்துவரி, வீட்டுவரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ஆயிரம் ரூபாய் வரி செலுத்தும் வீட்டார் நூலகத்திற்கு நூறு ரூபாய் செலுத்துகின்றனர் என்பது கணக்கு. நூலகம் நம் பணத்தில் நடப்பது. அதனுள் நுழையத் தயங்கும் வீட்டார் உரிய பயனை இழக்கின்றனர்.

அண்டை நாட்டு அனுபவம்

கேரளத்தில் பி. என். பணிக்கரின் முயற்சியால் 1945-இல் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தோன்றியது. அங்குள்ள கிராம வாசகசாலைகள் பலவற்றில் நாடகமும் பாட்டும் விளையாட்டும் வாசிப்போடு சேர்ந்தே வளர்ந்தன. யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களும் இவ்வாறே. ஒரே கூரையின்கீழ் செய்தித்தாள் மேசை. வெளியே விளையாட்டுத் திடல். சில இடங்களில் குழந்தைகளுக்கான முன்பள்ளி. ஆண்டுவிழாவில் ஊர்ப்பிள்ளைகளின் பாட்டும் நாடகமும். உழவர் ஊராயினும் மீனவர் ஊராயினும் அந்நிலையம் ஊராரால் நடத்தப்படுவது என்பதே அதன் வலிமை. கூலிக்கு வந்து பாடிப்போகும் குழு ஒரு நாள் கூட்டத்தைச் சேர்க்கும். ஊராரே பாடும் நிகழ்ச்சி ஊராரை அவ்விடத்திற்கு உரியவராக்கும்.

பாட்டுக்கும் பாடு முறை

இனி நம் கரைக்கு வருவோம். பழவேற்காட்டு ஏரியில் நெடுங்காலமாகப் பாடு என்னும் முறை வழங்கி வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் இறால் பிடிக்கும் நீரிடங்களைத் தமக்குள் வகுத்து, சீட்டெடுத்து, முறைவைத்து வலையிடுகின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. ஏட்டில் எழுதிய கூட்டுறவுச் சட்டம் வருவதற்கு முன்னரே நீரில் நடைமுறையாயிருந்த கூட்டுறவு இது எனலாம்.

வாசகசாலையின் மாலைப்பொழுதையும் இவ்வாறே முறைவைத்துப் பகிரலாம். ஒரு மாதம் ஒரு குப்பத்தார், மறுமாதம் நெசவுத்தெருவார், அதன்பின் பயிர்த்தொழிலார், அடுத்துப் பள்ளிப்பிள்ளைகள் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சீட்டெடுத்துப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், மேடை எவருடைய கைக்கும் தனியுடைமையாகாது. விழாக்கள் சிலருடைய பெயர்விளக்கத்திற்குக் கருவியாகி, மற்றையோர் விலகி, இறுதியில் நூலகம் வெறிச்சோடுவதே பெரும்பாலும் நேரும் கேடு. முறைப்பட்டியல் அதற்கு மருந்து.

ஆனால் பாடு முறைக்கு ஒரு குறையும் உண்டு. பிறப்பால் உரிமை பெற்றவர்க்கே அதில் இடம். வெளியே நின்ற மீனவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் இடையே பூசல் எழுந்ததுண்டு. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதில் பங்கில்லை. முறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலியை விட்டுவிட வேண்டும். இருளர் வீட்டாரும், பனையோலைப் பெட்டி முடையும் பெண்களும் பட்டியலில் முதல் ஆண்டிலேயே இடம்பெறுதல் அவசியம். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் பழவேற்காடு. எச்சமயத்தவரும் கூச்சமின்றி அமர்ந்து கேட்கத்தக்க பாட்டுக்களையே பொதுக்கூடத்திற்குத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

நடத்தும் விதம்

1. நாள் குறித்தல்: ஏரித்தொழிலும் கடற்றொழிலும் நீரின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தவை. அலுவலகத்தார் வசதிக்கேற்ப நாள் குறித்தால் மீனவர் வரார். வலையிடும் முறைநாளைக் கேட்டறிந்த பின்னரே தேதியை முடிவுசெய்க.

2. அனுமதி: அரசு நூலகமாயின் மாவட்ட நூலக அலுவலரின் இசைவை முன்னதாகப் பெறுக. நூலகத்தின் வாசகர் வட்டத்தின் வாயிலாக விண்ணப்பிப்பது நன்று.

3. ஒலி: சிறு கூடத்திற்கு ஒலிபெருக்கி வேண்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதனைப் பயன்படுத்தலாகாது. படிப்போர் நேரம் முடிந்தபின் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்தல் தகும்.

4. நிகழ்ச்சி: பாட்டுக்களுக்கிடையே பத்து நிமிடச் சொற்பொழிவு ஒன்று இருக்கட்டும். சான்றாக, டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டியதும், இத்துறையிலிருந்து கப்பலேறிய துணியின் நினைவாக மலாய் நாட்டில் கைலிக்கு இன்றும் பெலிக்காட் என்னும் பெயர் வழங்குவதும் நெசவாளரும் மீனவரும் சேர்ந்து கேட்கத்தக்க செய்திகள். வில்லுப்பாட்டும் பயன்படும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையில் பாடி, கோயிற்கலையாயிருந்ததைப் பொதுக்கல்விக்கு உரியதாக்கினர்.

5. நூல் வழங்கல்: அன்றைய பொருளைப் பற்றிய நூல்களைக் கூடத்தின் வாயிலில் மேசையிட்டு வைக்கவேண்டும். உறுப்பினர் விண்ணப்பத் தாள்களும் அங்கே இருக்கட்டும். எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, அடுத்த வாரத்தில் எத்தனை பேர் நூல் எடுத்தனர் என்பதே வெற்றியின் அளவு.

6. கணக்கு: விளக்கு, பாய், தேநீர் ஆகிய செலவுகளைப் பற்றுச்சீட்டோடு எழுதி, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திற் படிக்கவேண்டும். சங்கம் உதவ விரும்பின், சட்டமும் துணைவிதிகளும் இடந்தருமளவிற்கு, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின்மேல் உதவலாம். வாய்ச்சொல்லின்மேல் ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது.

விலைக்குக் கிடைக்காத நூல்

இசை மாலையின் தலையாய பயன் ஒன்று உண்டு. வலை இழுக்கும்போது மீனவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடும் பாட்டுக்கள் தமிழகக் கரையோரங்களில் ஏலப்பாட்டு என்றும் அம்பா என்றும் வழங்குகின்றன. பலர் கைசேர்த்து ஒரே நேரத்தில் இழுப்பதற்குப் பிறந்த பாட்டு, இயந்திரம் இழுக்கும் இடத்தில் மெல்ல மறையும். அப்பாட்டை அறிந்த முதியவர் மறைந்தால் பாட்டும் அவரோடு மறையும். எந்தப் புத்தகக்கடையிலும் அதனை வாங்க இயலாது. ஆதலின் ஒவ்வொரு இசை மாலையிலும் ஒரு முதியவரை அழைத்துப் பாடச்செய்து, அவருடைய இசைவோடு ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி நூலகத்தில் வைத்தல் வேண்டும். எழுதுபவர் அவ்வூர்ப் பள்ளி மாணவராயிருத்தல் சிறப்பு. அந்த ஏடு அலமாரியில் ஏறும் நாளில், தம் தாத்தாவின் பாட்டைக் காணும் பொருட்டேனும் பேரப்பிள்ளைகள் நூலகத்தின் படியேறுவர். நூல்களை வாங்கும் ஊர், நூலொன்றை ஆக்கிய ஊராகவும் விளங்கும்.

சிந்தித்து விவாதிக்க

1. நம் ஊர் வாசகசாலை திறந்திருக்கும் நேரம் நம் தொழிலாளர் ஓய்வுபெறும் நேரமாக உள்ளதா?

2. கடந்த ஆண்டு நம் ஊரில் நடந்த பொதுவிழாவின் கணக்கு ஊரார் முன் படிக்கப்பட்டதா?

3. மாலை நிகழ்ச்சிகளுக்கு முறைப்பட்டியல் எழுதினால், இதுவரை இடம்பெறாத எந்தத் தெருவாரை முதலில் சேர்க்கவேண்டும்?

4. பழைய தொழிற்பாட்டுக்களை அறிந்த முதியவர் நம் ஊரில் எத்தனை பேர் உள்ளனர்? அவர்களை அணுகும் பொறுப்பை யார் ஏற்பது?

படிப்பு வட்டத்தினர் நான்காம் வினாவிற்குரிய பெயர்ப்பட்டியலை அடுத்த கூட்டத்திற்கு முன்னரே தயாரித்துவிடுதல் நலம். மற்றவை சிறிது காத்திருக்கலாம். முதியவர் வயது காத்திராது.