இல்லக் கணிப்பொறியின் பாதுகாப்பு

2017 மே 12ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த விண்டோஸ் குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணிப்பொறிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

திருத்தம் வெளியானதும் குறை எதுவென்பது தீயோருக்கும் புலனாகிவிடுகிறது; தாமதம் ஆபத்தைப் பெருக்குகிறது. ஆகவே, இயக்க மென்பொருளும் உலாவியும் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்தல் முதற் கடமையாகும்.

இணைய முகவரியின் தொடக்கத்திலுள்ள 'எச்டிடிபிஎஸ்' தகவல் மறைக்குறியீடாகச் செல்வதை மட்டுமே உணர்த்தும்; தளத்தின் நேர்மைக்கு அது சான்றன்று. ஆகையால் வங்கியின் முகவரியைத் தாமே தட்டச்சிடுதல் நன்று. இன்றியமையாத கோப்புகளின் படியைக் கணிப்பொறியினின்று பிரித்து வைத்தலும் வேண்டும். இந்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், நச்சுநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.