மிட்டனின் பாசித் தொகுப்பு தரும் பாடம்

ஈரச் சுவர்களிலும் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்ந்து வளரும் மாஸ், லிவர்வோர்ட் என்னும் சிறு செடிகளைப் பொதுமக்கள் பாசி என்றே அழைக்கின்றனர். பிரையோபைட்டுகள் என்ற பிரிவைச் சேர்ந்த இவற்றுக்குப் பூவோ விதையோ உண்மையான வேரோ இல்லை. எனினும், மலைச் சரிவுகளில் மழைநீரைத் தேக்கி வைத்து மண்ணரிப்பைக் குறைப்பதில் இவற்றின் பங்கு பெரிதாகும்.

இந்திய மாஸ்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் மிட்டன் (1819-1906). இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மருந்துக்கடை நடத்தி வந்த இவர், ஜோசப் ஹூக்கர், தாமஸ் தாம்சன் முதலியோர் இமயமலையிலும் பிற பகுதிகளிலும் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 1859-இல் 'மஸ்கை இந்தியே ஓரியன்டாலிஸ்' என்ற நூலை வெளியிட்டார். நீலகிரியின் மாஸ்களும் அதில் இடம்பெற்றன. அதனைத் தொடர்ந்து லிவர்வோர்ட்டுகளைப் பற்றியும் எழுதினார். அவர் மறைந்தபின் அவரது தொகுப்பை நியூயார்க் தாவரவியல் பூங்கா விலைக்கு வாங்கியது.

மூலமாதிரியின் முக்கியத்துவம்

ஓர் இனத்திற்குப் பெயரிடும்போது ஆதாரமாகக் கொள்ளப்படும் மாதிரி, மூலமாதிரி எனப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அதனுடன் ஒப்பிட்டே முடிவு காண வேண்டும். ஆகவே, இந்தியாவில் வளரும் பல மாஸ்களின் பெயரை உறுதிசெய்ய, அயல்நாட்டில் உள்ள உறைகளை நாட வேண்டியுள்ளது. கணினிவழிப் படங்கள் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும், இலையின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் காண மாதிரியே தேவைப்படுகிறது.

பழைய மாதிரிகளின் பயன் பெயரிடுதலுடன் முடிவதில்லை. மாஸ்கள் காற்றிலும் மழையிலும் வரும் உலோகங்களைத் தம்மிடம் தேக்கி வைப்பவை. சுவீடனில் ரூலிங், டைலர் என்ற இருவர், 1860 முதல் சேகரிக்கப்பட்ட மாஸ் மாதிரிகளில் ஈயத்தின் அளவைக் கண்டறிந்து 1968-இல் வெளியிட்டனர். தொழில்வளர்ச்சியுடன் ஈய மாசு பெருகியதை அவை காட்டின. சேகரித்தவர்கள் எதிர்பாராத பயன் இது.

நாட்டின் பணி

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் லாகூரில் பேராசிரியராக இருந்த சிவராம் காஷ்யப் (1882-1934). மேற்கு இமயமலை, பஞ்சாப் சமவெளி லிவர்வோர்ட்டுகளைப் பற்றிய அவரது நூலின் முதற்பகுதி 1929-இலும் இரண்டாம் பகுதி 1932-இலும் வெளிவந்தன. 1890-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1954-இல் திருத்தியமைக்கப்பட்டு, பல மாநிலங்களில் தொகுப்புகளைப் பேணி வருகிறது.

இமயமலைப் பகுதிகளில் பழங்களையும் நாற்றுகளையும் பொதிந்து அனுப்ப மாஸ் காட்டிலிருந்து திரட்டப்படுகிறது. எந்த இனம் எங்கே, எவ்வளவு இருந்தது என்ற பதிவு இல்லாமல் இதற்கு வரம்பு விதிப்பது கடினம். இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை குறிக்கப்படாத மாதிரி வெறும் உலர்ந்த பாசியே. கல்லூரிகளில் உள்ள சிறு தொகுப்புகளையும் பூச்சியரிக்காமல் காத்து, விவரச் சீட்டுகளைப் படியெடுத்து வைப்பது பெருஞ்செலவின்றி உடனே தொடங்கக்கூடிய பணியாகும்.