இல்லக் களஞ்சியமாகும் லினக்ஸ் கணினி

சேவையகம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பெருநிறுவனங்களின் குளிரூட்டிய அறைகளும், ஆங்கே நிரைநிரையாக நிற்கும் பொறிகளுமே நம்மவர் மனத்திலே தோன்றுகின்றன. உண்மையில், பிற கணினிகள் வேண்டுவதை எடுத்துக் கொடுக்கும் தொழிலை மேற்கொண்ட எந்தக் கணினியும் சேவையகமே. வீட்டு மூலையிலே தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியும் அத்தொழிலுக்குப் போதும். காணி உறுதிகளின் படிகள், பிறப்புச் சான்றிதழ்கள், முன்னோரின் ஒளிப்படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் ஆகியன இந்நாளிலே கோப்புகளாகப் பெருகி, ஒருவர் கைத்தொலைபேசியிலும் இன்னொருவர் மடிக்கணினியிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்திற் சேர்த்துக் காக்கும் களஞ்சியமொன்றை வீட்டிலேயே அமைக்கும் முறையினை மாணவர்க்குப் பயன்படுமாறு இங்கே கூறப் புகுகின்றோம்.

பின்லாந்திலே கெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட இயங்குதளக் கருவே லினக்ஸ் எனப்படுவது. அதனைத் தழுவி எழுந்த தொகுப்புகள் பல. அவற்றுள் 1993 இல் இயன் மேடொக் தொடங்கிய டெபியன் என்பதையே யாம் தெரிந்தெடுப்போம். அது விலையின்றிக் கிடைப்பது. பழைய பொறியையும் வருத்தாதது.

விண்டோஸ் கணினிகள் தம்முள்ளே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையை எஸ். எம். பி. என்பர். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், கணினிகளிடையே செல்லும் செய்திகளை உற்றுநோக்கி அந்நெறிமுறையைத் தாமே உய்த்துணர்ந்து, 1992 இல் அதனைப் பேசும் மென்பொருளொன்றை வெளியிட்டார். அதற்கு அவர் முதலில் இட்ட பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரிற்று. அதன்பின்னர் எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அம்முறையே வருஞ் சொற்களைச் சொற்பட்டியற் கோப்பிலே தேடிச் ‘சம்பா’ என்பதைக் கண்டெடுத்தார். அது பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர். நம்மவர் நெல்லென்று மயங்கின், களஞ்சியத்துக்கு அது பொருத்தமான மயக்கமேயாம்.

நிறுவும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிவது. டெபியன் தொகுப்பை வேறொரு கணினியிற் பதிவிறக்கிப் பென் டிரைவில் ஏற்றி, பழைய கணினியை அதிலிருந்து தொடக்குக. வன்தட்டிலுள்ளவை அழிந்துபோகும், ஆதலின் வேண்டியவற்றை முன்னரே வேறிடத்தில் வைத்தல் வேண்டும். எவ்வெவற்றை நிறுவுவதென வினாவும் இடத்தில், திரைக்காட்சிச் சூழலை விலக்கி, தொலைவிலிருந்து கட்டளையிடும் எஸ். எஸ். எச். சேவையை மட்டும் தெரிவு செய்தால், பின்னர் திரையும் விசைப்பலகையும் அக்கணினிக்கு வேண்டா. ரவுற்றரிலே இக்கணினிக்கென நிலையான முகவரியொன்றை ஒதுக்குக. முகவரி மாறிக்கொண்டிருப்பின் வீட்டார் களஞ்சியத்தைக் காணாது தேடுவர். அதன்பின் சம்பாவை நிறுவுவதற்கு ஒரு வரிக் கட்டளையே போதும்.

இனி வருவதே தொடக்கக்காரர் பலரும் இடர்ப்படும் இடம். களஞ்சியத்துக்கு வாயில்கள் இரண்டு உள. சம்பாவின் அமைப்புக் கோப்பிலே ‘இன்னார் எழுதலாம்’ என்று குறித்தல் ஒரு வாயில். லினக்ஸ் தன் அடைவுகளுக்கு விதித்துள்ள உரிமை மற்றொரு வாயில். இரண்டுந் திறந்தாலன்றிக் கோப்பு உள்ளே செல்லாது. கடவுச்சொல்லும் அவ்வாறே: லினக்ஸ் ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது, சம்பா வேறொன்றை வைத்திருக்கிறது. ஆகவே பயனரை லினக்சிலே உண்டாக்கியபின் சம்பாவிலும் சேர்த்தல் வேண்டும். இதனை அறியாதார், அனுமதி மறுக்கப்பட்டது என்னுஞ் செய்தியைக் கண்டு சலித்து, எல்லார்க்கும் எல்லா உரிமையும் வழங்கும் 777 என்னும் எண்ணை இட்டுவிடுகின்றனர். கதவு திறக்கவில்லையென்று சுவரை இடித்தல் போல்வது அது. வீட்டார்க்கென ஒரு குழுவை அமைத்து, அடைவை அக்குழுவுக்கு உரியதாக்கி, 2770 என்னும் உரிமையை வழங்குதலே முறை. முன்னிற்கும் 2 என்னும் இலக்கம், உள்ளே புதிதாகத் தோன்றுங் கோப்புகளும் அக்குழுவுக்கே உரியனவாகுமாறு செய்கின்றது. சம்பாவின் அமைப்பிலும் கோப்புக்கு 0660, அடைவுக்கு 2770 எனக் குறித்துவிட்டால், தந்தை வைத்த கோப்பை மகள் திருத்துவதற்குத் தடையிராது.

இக்களஞ்சியம் வீட்டு வலையமைப்புக்கு மட்டுமே உரியது. சம்பா பயன்படுத்தும் 445 ஆம் வாயிலை ரவுற்றரிலே வெளியுலகுக்குத் திறந்து வைத்தல் ஒருபோதும் தகாது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்திலே உலகெங்கும் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் நிலைகுலையச் செய்த வன்னாகிரை என்னுந் தீநிரல், விண்டோசிலிருந்த பழைய எஸ். எம். பி. பதிப்பின் குறையொன்றின் வழியாகவே பரவியது.

கோப்புகளை ஓரிடத்திற் சேர்த்தலில் ஓர் இடருண்டு: அவ்விடம் அழியின் எல்லாம் ஒருங்கே அழியும். வியப்பு யாதெனில், அதற்கு மருந்தும் அதே ட்ரிட்ஜெல் தந்ததே. அவரும் போல் மக்கெராசும் 1996 இல் ஆர்சிங்க் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். மாறாத கோப்புகளை விடுத்து, மாறியவற்றை மாத்திரம் மற்றொரு வன்தட்டிற் படியெடுப்பது அது. இரவுதோறும் தானே இயங்குமாறு நேரம் குறித்துவிடலாம்.

எனினும் இங்கே இரண்டு பொறிகள் மறைந்துள்ளன. வெளி வன்தட்டு கழன்றிருக்கும் இரவிலும் ஆர்சிங்க் வாளாவிராது; வன்தட்டு இணைந்திருக்க வேண்டிய வெற்று அடைவிலே எழுதித் தலைமை வன்தட்டை நிரப்பிவிடும். ஆதலின், இணைந்துளதா என்று சோதித்த பின்னரே தொடங்குமாறு கட்டளை அமைதல் வேண்டும். மற்றையது, மூலத்தில் அழித்ததைப் படியிலும் அழிக்குந் தெரிவு. தவறி அழித்த ஒளிப்படம் அன்றிரவே படியிலும் மறையும். நாளிட்ட தனித்தனி அடைவுகளிற் படியெடுத்து, மாறாத கோப்புகளை முந்தைய நாளின் படியோடு இணைப்பாக வைக்கும் வசதி ஆர்சிங்கிலேயே உண்டு. அவ்வாறு செய்யின் முப்பது நாட்படிகளும் பெரிதாக இடங்கொள்ளா.

இடியும் மின்னலும் மிகும் மாரித் தொடக்கத்திலே ஒரே மேசையிலுள்ள இரண்டு வன்தட்டுகளும் ஒருங்கே பழுதாதல் கூடும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்தடையைக் கண்ட நம் நாட்டிலே மின்சேமிப்புக் கலமொன்றை இணைத்தலும் இன்றியமையாதது. மூன்றாவது படியொன்றை வேறூரிலுள்ள உறவினர் வீட்டுக் கணினிக்கு எஸ். எஸ். எச். வழியாக அனுப்பலாம். ஆர்சிங்கின் நுட்பம் விளங்குவது இங்கேதான். அக்கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணிப்பெண்ணை அனுப்பும். நம் கணினி புதிய கோப்பிலே அத்துண்டுகள் எங்கேனும் உளவாவென்று தேடி, இல்லாத பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்பிலும் இதனால் வேலை நடைபெறும்.

மாதமொருமுறை பழைய படியிலிருந்து ஒரு கோப்பை மீட்டு, வேறொரு கணினியிலே திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத படியை யாம் படியெனக் கொள்வதில்லை. இவ்வன்தட்டுகள் லினக்ஸ் முறையில் அமைந்தவையாதலின் விண்டோஸ் கணினி தானாக அவற்றைப் படியாது; அறியாதார் அதனை வெறுந்தட்டென்று எண்ணி அழித்துவிடுதலுங் கூடும். களஞ்சியத்தைப் பேணுபவர் ஊரை விட்டோ உலகை விட்டோ நீங்கியபின் வீட்டார் கைக்கு அவை எட்டவேண்டுமாயின், இது லினக்ஸ் வன்தட்டு என்னுங் குறிப்பையும், முகவரியையும், கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, காணி உறுதிகள் இருக்கும் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும்.