பெற்றோர் கேட்கும் கேள்விகளும் ஒன்றியப் பள்ளியும்

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்ததும், காலை ஏழரை மணியளவில், நெடுஞ்சாலையோரத்துத் தனியார் பள்ளியின் மஞ்சள் நிற வேன் நமது கிராமங்களுக்குள் வந்து திரும்புகிறது. கழுத்துப் பட்டையும் அடையாள அட்டையும் அணிந்த ஐந்தாறு குழந்தைகள் அதில் ஏறிச் செல்கின்றனர். குழாயடியில் குடத்துடன் நிற்கும் தாய்மார்கள் சிலர், தம் குழந்தையின் கையைப் பற்றியவண்ணம் அதனைப் பார்த்து நிற்கின்றனர். அவர்களுடைய பார்வையில் பொறாமை இருப்பதாக நான் கருதவில்லை. அங்கே என்னதான் நடக்கிறது என்று அறியும் ஆவலும், அது நமக்கில்லை என்ற ஏக்கமும் அதில் கலந்துள்ளன. வேன் சென்றபின் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வனவற்றையும், நம்மிடம் நேரில் கேட்பனவற்றையும் கிராமப் பணியாளர் அனைவரும் செவி கொடுத்துக் கேட்டல் வேண்டும்.

“அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் தனி டீச்சராமே, சார்?” “சாயங்காலம் டைரியில் எழுதி அனுப்புவார்களாமே?” “அம்மா அப்பாவையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாமே, இங்கிலீஷிலேயா கேட்பார்கள்?” “மூன்று வயதுக் குழந்தை அழுதால் யார் தூக்குவார்கள்?” இத்தகைய கேள்விகளைச் சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் கிராம சபையிலும் கேட்டவர்கள், அப்பள்ளியின் வாயிலைக் கடந்து உள்ளே சென்றவர்கள் அல்லர். பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீருடை, அதன் காலணி, அது பாடும் ஆங்கிலப் பாட்டு ஆகியவற்றைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே தம் மனத்தில் கட்டிப் பார்த்திருக்கின்றனர்.

இதனை ‘ஆங்கில மோகம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் நம் அலுவலர்களிடையே உண்டு. அது சரியன்று. அவ்வாறு கூறுவோரில் பலர் தம் குழந்தைகளை எங்கே படிக்க வைக்கின்றனர் என்பதை ஊர் மக்கள் நன்கறிவர். கேள்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றுள் பகட்டுக்கு இடம் மிகக் குறைவு. என் குழந்தையை ஒருவர் தனியே கவனிக்கிறாரா, அது என்ன கற்றது என்பதை எனக்கு யாரேனும் கூறுவாரா, நாளை நாலு பேர் முன்னிலையில் அது கூசாமல் பேசுமா? பெற்றோர் அறிய விரும்புவது இவ்வளவே. ஆகவே இக்கேள்விகளுக்கு உண்மையான விடை கூறுவதும், இயன்ற இடத்தில் அக்குறையை நீக்குவதும் நமது கடமையாகின்றன.

கட்டணமும் சட்டமும்

முதலில் செலவைப் பற்றிக் கூறுவோம். ஓர் உதாரணக் கணக்கு: ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய், வேனுக்கு மாதம் 900 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு 9,000 ரூபாய், புத்தகம், சீருடை, காலணி முதலியவற்றிற்கு 5,000 ரூபாய் எனக் கொண்டால், ஒரு குழந்தைக்கு 32,000 ரூபாய் ஆகும். நாளொன்றுக்கு 400 ரூபாய் ஈட்டும் தொழிலாளிக்கு இது எண்பது நாள் கூலி. குழந்தைகள் இருவராயின் நூற்றறுபது நாள் கூலியாகும். அதில் உணவு இல்லை, வீடு இல்லை, மருந்து இல்லை. இக்கணக்கைப் பெற்றோர் நம்மைவிட நன்கறிவர். அறிந்தும் சிலர் குழுவில் கடன் பெற்று முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிடுகின்றனர். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ தவணை தவறுகிறது.

இவ்விடத்தில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் சில உள்ளன. தனியார் பள்ளிகள் தம் விருப்பம்போல் கட்டணம் வசூலிக்க இயலாது. தமிழ்நாடு பள்ளிகள் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் அமையும் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்குதல் குற்றமாகும். செலுத்திய தொகைக்கு ரசீது கேட்டுப் பெறுதல் பெற்றோரின் உரிமை.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இதன்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகள், தொடக்கநிலை வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிவுற்ற பிரிவினரின் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி அளித்தல் வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரை இவ்வுரிமை தொடரும்; அதற்குரிய தொகையை அரசு பள்ளிக்குச் செலுத்தும். நமது மாநிலத்தில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தினர் இதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் தேர்வு நடைபெறும். 2025ஆம் ஆண்டில் நிதி வரத் தாமதமானதால் இச்சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கிற்று.

ஆயினும் இச்சட்டத்தைப் பற்றிக் கிராமத்தாரிடம் பேசும்போது ஒன்றை மறைக்காமல் கூறிவிட வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வேன் வரும் தொலைவோ எட்டும் பத்தும் கிலோமீட்டர். எனவே நகரத்து ஏழைக் குடும்பத்திற்குத் திறக்கும் இக்கதவு, உள்கிராமத்துக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் திறப்பதில்லை. இதனைக் கூறாது வெறும் ஆசையை மட்டும் வளர்ப்பது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

மூன்றாவது, தவணை தவறிய குடும்பங்களைப் பற்றியது. கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டதால், எந்தப் பள்ளியிலும் சேராமல் குழந்தை வீட்டிலேயே இருக்கும் நிலை சில ஊர்களில் உண்டு. அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை. சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரையிலுள்ள குழந்தைக்குச் சேர்க்கை மறுத்தல் கூடாது என்று மேற்படிச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அக்குழந்தையை அன்றே ஒன்றியப் பள்ளியில் சேர்த்துவிடலாம். வெட்கப்பட்டு வெளியே கூறாத இத்தகைய குடும்பங்களை நாம்தான் தேடிச் சென்று காண வேண்டும்.

பாடம் ஒன்றே

மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஏதோ உயர்ந்த பாடம் கற்பிக்கப்படுகிறது என்ற எண்ணம் பெற்றோரிடம் இன்னும் உள்ளது. ஒரு காலத்தில் பாடத்திட்டங்கள் வேறுவேறாக இருந்தது உண்மையே. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிற்குப்பின் அனைத்து வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பத்தாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் யாவற்றிற்கும் பாடம் ஒன்றேயாகும். மத்திய வாரியத்தைச் சார்ந்த பள்ளிகள் மட்டுமே வேறு. மொழி ஆங்கிலமாக இருக்கலாம்; கணக்கும் அறிவியலும் அதே கணக்கும் அறிவியலுமே.

அரசுப் பள்ளிகளிலும் 2012-13ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. இதில் என் கருத்தைச் சிறிது ஒளிவின்றிக் கூற விரும்புகிறேன். ஈராசிரியர் பள்ளியில் தமிழ் வழிக் குழந்தைகளும் ஆங்கில வழிக் குழந்தைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையின் முன் அமர்ந்திருப்பின், புத்தகம் மாறுமேயன்றிப் பேச்சு மாறாது. பெற்றோர் விரும்புவது பேச்சே. தமிழ் வழியில் பயின்றாலும் ஆங்கிலம் முதல் வகுப்பு முதலே ஒரு பாடமாக உள்ளது. அப்பாட வேளையில் ஒரு பகுதியை நாள்தோறும் வாய்விட்டுப் பேசுவதற்கென ஒதுக்கி, குழந்தை தன் பெயர், ஊர், வீட்டார் பற்றி நான்கு வாக்கியம் கூறுமாறு பழக்கினால், குழாயடியில் நிற்கும் தாயின் ஏக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஏழை வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு வரவழைப்பதில் நமது மாநிலத்திற்கு நீண்ட அனுபவம் உண்டு. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1958 முதல் ஊர் மக்களே பொருள் திரட்டிப் பள்ளிக்கு அளித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், 1982இல் வந்த சத்துணவு ஆகியவற்றைப் பெரியோர் நினைவில் வைத்திருக்கின்றனர். 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை ஊரகப் பகுதிகளில் மகளிர் குழுவினரே சமைத்து நடத்துகின்றனர். சோறு போடுவதற்கு மேல் இதில் ஒரு நன்மை உண்டு. ஊர்ப் பெண்கள் தினமும் பள்ளிக்குள் சென்று, எந்த ஆசிரியர் எப்பொழுது வருகிறார், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவற்றைத் தம் கண்ணாலேயே காண்கின்றனர். தனியார் பள்ளியின் வாயிலில் காவலர் நிற்கிறார். ஒன்றியப் பள்ளியின் வாயில் திறந்தே கிடக்கிறது. இவ்வளவு காலமாக அதற்குள் பெற்றோர் சென்றதில்லை என்பதே விந்தை.

ஆசிரியர் எண்ணிக்கை

இனி, பெற்றோரின் முதற் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு வகுப்புக்கும் தனி ஆசிரியர் உண்டா? பல ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இல்லை. இதுவே உண்மையான குறை. இதற்குக் காரணம் யாது என்பதைப் பெற்றோரிடம் எவரும் விளக்குவதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருவர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 121 முதல் 200 வரை ஐவர் ஆசிரியராக இருத்தல் வேண்டும். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 63 குழந்தைகள் பயில்கின்றனர் எனக் கொள்வோம். அங்கே மூன்று ஆசிரியர்கள் உள்ளனர். அவ்வாண்டு ஐந்து குழந்தைகள் வேனில் ஏறிச் சென்றுவிட்டால் எண்ணிக்கை 58 ஆகிறது. ஓர் ஆசிரியர் உபரியாகக் கணக்கிடப்பட்டுப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளையும் நடத்துவர். “அங்கே இரண்டே டீச்சர்” என்ற பேச்சு ஊரில் பரவும். மறு ஆண்டு, சிரமப்பட்டேனும் கட்டணம் செலுத்த இயன்ற வேறு நால்வர் வேனில் ஏறுவர். கடைசிவரை பள்ளியில் இருப்பவை கூலி வீட்டுக் குழந்தைகளே. அவர்களுடைய பெற்றோர் ஒரு தவறும் செய்யாதவர்கள். ஆனால் பிறர் எடுத்த முடிவின் விளைவை அவர்களே ஏற்கின்றனர்.

இந்த முடிவு எந்த வயதில் எடுக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறது. ஒன்றியப் பள்ளியின் முதல் வகுப்புக்கு ஐந்து வயது நிறைய வேண்டும். நமது தலைமையாசிரியர் சேர்க்கைக்காக வீடு வீடாகச் செல்லும்போது அக்குழந்தை எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டையும் முடித்து வேனுக்குப் பழகிவிட்டிருக்கிறது. இடைப்பட்ட இரண்டாண்டுக்குரிய இடம் அங்கன்வாடியாகும். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டது இக்குறையை உணர்ந்தேயாகும். அவ்வசதியில்லாத ஊர்களில் அங்கன்வாடியைச் சத்துமாவு வழங்கும் இடமாக மட்டும் பெற்றோர் கருதுகின்றனர். கட்டடம் பொலிவாக இருந்து, பாட்டும் கதையும் விளையாட்டும் தவறாது நடந்து, மாதம் ஒரு நாள் தாய்மார்களை அமர்த்தி அவற்றைக் காட்டினால் இவ்வெண்ணம் மாறும். கட்டடமும் கழிப்பறையும் குடிநீரும் நமது ஒன்றியத்தின் பொறுப்பிலுள்ளவை. அதற்கு வேறு துறையைக் காரணம் காட்ட இயலாது.

இருவரே ஆசிரியராக உள்ள பள்ளியிலும் செய்யத்தக்கது உண்டு. 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தைகள் அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுப் பயிற்சி பெறுகின்றனர். தன் மகன் மொட்டு நிலையில் இருக்கிறான், கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், கூட்டல் அறிவான், கழித்தலில் தடுமாறுகிறான் என்று ஆசிரியை ஒரு தாயிடம் கூறினால், அது தனியார் பள்ளியின் டைரிக் குறிப்பைக் காட்டிலும் பயனுடையதாகும். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அக்குழு கூடும்போது வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கி அனுப்பிவிடாமல், ஒவ்வொரு குழந்தையையும் தன் தாயின் முன்னிலையில் ஐந்து வரி படிக்கச் சொல்லலாம். எழுத்தறியாத தாயும் தன் குழந்தை திக்காமல் படிக்கிறதா என்பதைச் செவியால் அறிவாள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் அதே அளவு 2021இலும் வழங்கப்பட்டன. இதனைப் பெற்றோர் பலர் பிள்ளை பத்தாம் வகுப்பை அடைந்த பிறகே அறிகின்றனர். ஐந்தாம் வகுப்பிலேயே கூறிவிடுதல் நலம்.

ஆசிரியர் பணியிட நிர்ணயத்திற்கு ஆகஸ்டு முதல் நாளன்று பள்ளியில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையே அடிப்படை. எனவே மே முதல் நாள் நடைபெறும் கிராம சபையில் ஊராட்சிச் செயலர் மூன்று எண்களைப் படித்துக் காட்ட வேண்டும்: ஊரில் ஐந்து வயது நிறையும் குழந்தைகள் எத்தனை பேர், ஒன்றியப் பள்ளியில் இப்பொழுது பயில்வோர் எத்தனை பேர், இன்னும் எத்தனை பேர் சேர்ந்தால் மற்றோர் ஆசிரியர் கிடைப்பார். 58 பேர் உள்ள ஊரில் அந்த மூன்றாவது எண் மூன்று. எந்த மூன்று வீடுகள் என்பதைக் கூட்டத்தில் இருப்போர் உடனே அறிவர். ஜூன், ஜூலை மாதங்களில் தலைமையாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் மேலாண்மைக் குழுத் தலைவரும் சேர்ந்து அவ்வீடுகளுக்குச் செல்லலாம். அதற்குள் பள்ளியின் கழிப்பறைக் கதவையும் குடிநீர்த் தொட்டியையும் ஒன்றியப் பொறியாளர் பார்வையிட்டுச் சீர் செய்துவிட வேண்டும். அங்கே செல்வோரிடம் பெற்றோர் முதலில் கேட்பது அவ்விரண்டைப் பற்றித்தான்.