ஊர்ப்பொதுப் பணியே உயர்ந்த தானம்

தானம் என்றதும் பிக்குகளுக்கு அளிக்கும் உணவையும் வறியவர்க்கு ஈயும் பொருளையுமே நம்மிற் பலர் நினைக்கின்றனர். அவை நல்லனவே. ஆயினும் பகவான் போதித்த தானம் அவற்றோடு முடிவதன்று. சோலை வைப்போர், பாலம் கட்டுவோர், கிணறு தோண்டுவோர், வழிச்செல்வோர்க்குத் தங்குமிடம் அமைப்போர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளரும் என்று சம்யுத்த நிகாயம் கூறுகிறது. இட்ட சோறு ஒருவேளைப் பசியை ஆற்றும். தோண்டிய கிணறோ, தோண்டியவர் உறங்கும்போதும் பிறர் தாகத்தைத் தீர்க்கும்.

இவ்வறத்தை விளக்குவது குலாவக ஜாதகம். மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முப்பது குடும்பங்கள் வாழ்ந்தன. ஊர்க்காரியம் பேச மக்கள் கூடிய இடத்தில், மகன் என்னும் பெயருடைய இளைஞன் தான் நின்ற நிலத்தைக் காலால் துப்புரவு செய்தான். மற்றொருவன் வந்து அங்கே நின்றுகொண்டான். மகன் சினவாது வேறோர் இடத்தைத் துப்புரவு செய்தான். அதனையும் பிறர்க்கு விட்டான். இவ்வாறே அனைவர்க்கும் இடம் உண்டாயிற்று. பின்னர் முப்பதின்மரும் ஒன்றுகூடிப் பாதையிற் கிடந்த கற்களை அகற்றினர், மேடு பள்ளங்களைச் சமப்படுத்தினர், குளம் வெட்டினர், சாவடி கட்டினர். குடியையும் பூசலையும் விட்டனர்.

இதனால் நட்டமடைந்தவன் ஊர்த்தலைவன். கள் விற்பனையும் தண்டப்பணமும் அவனுடைய வருவாய் அல்லவா! இவர்கள் கொள்ளையர் என்று அரசனிடம் கோள் மூட்டினான். அரசன் யானையை ஏவினான். அவதூறு கூறியவனிடத்தும் அரசனிடத்தும் யானையினிடத்தும் ஒரே அன்பு கொள்ளுமாறு மகன் தன் தோழர்க்குரைத்தான். யானை அவர்களை மிதிக்கவில்லை. உண்மையறிந்த அரசன் அவ்வூரையே அவர்களுக்கு அளித்தான்.

அதன்பின் நாற்சந்தியில் பெருமண்டபம் எழுப்பத் தொடங்கினர். ஆனால் பெண்களுக்கு அதிற் பங்கில்லை என்றனர். சுதம்மை என்னும் பெண்ணோ, மண்டபத்திற்கு வேண்டிய கூர்முடியை முன்னரே செய்வித்து வைத்திருந்தாள். விலைக்குத் தர மறுத்து, அறத்திற் பங்கு தந்தாலே தருவேன் என்றாள். அவளைச் சேர்த்துக்கொண்ட பின்னரே மண்டபம் முற்றுப்பெற்றது. எவரையேனும் விலக்கிய பொதுப்பணி முடியில்லா மண்டபமே என்பதை இதனால் உணர்க.

விலக்கப்படுதலின் துயரை நாம் நன்கறிவோம். மகாத் நகரின் சவுதார் குளம் அனைவர்க்கும் உரியதென நகராட்சி 1924-ஆம் ஆண்டிலேயே தீர்மானித்தது. எனினும் அத்தீர்மானம் ஏட்டளவில் நின்றது. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அந்நீரைப் பருக வேண்டியதாயிற்று. ஆதலின் நாம் அமைக்கும் கிணறும் படிப்பகமும் சாதி, சமயம், ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும்.

பெரும்பொருள் இல்லையே என்று உபாசகர் எவரும் தயங்க வேண்டா. மகன் தொடங்கியபோது அவனிடம் பொருளில்லை. கால் மட்டுமே இருந்தது. நம் தெருக் குழாயடியைச் சேறின்றி வைத்தலும், நிழலுக்கு ஒரு மரம் நட்டு வேரூன்றும்வரை நீர் வார்த்தலும் தானமே. நாம் நிற்கும் இடத்தைத் துப்புரவு செய்து, அதனை அடுத்தவர்க்கு விட்டுக்கொடுப்போமாக. அறம் அங்கிருந்தே தொடங்குகிறது.